கடல் பக்கம் குடி போனா மனசு நிஜமாவே லேசாகுமா? மும்பை மக்கள் சொல்லுங்க

உப்பளத்துக்காரி:

மக்களே ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஊரு தூத்துக்குடி பக்கம். வீட்டுல இருந்து கடலுக்கு நடந்தே போயிரலாம். கல்யாணமாகி மும்பை வந்து இப்ப முலுண்ட்ல இருக்கோம். கிளம்பும்போது ஊர்ல எல்லாரும் "உனக்கென்னட்டி, அங்கயும் கடல்தான"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க, இங்க வந்து பாத்தா முலுண்ட்ல இருந்து கடலப் பாக்கணும்னா லோக்கல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுட்டே போகணும், சரி ஞாயித்துக்கிழம போலாம்னா செண்ட்ரல் லைன்ல மெகா பிளாக், தண்டவாள வேலைன்னு ரயில நிறுத்திருவாங்க.

விஷயம் என்னன்னா கொஞ்ச நாளாவே தூக்கம் சரியில்ல, சின்ன சின்ன விஷயத்துக்கு எல்லாம் எரிஞ்சு விழுறேன், ஆபீஸ்ல ஒரு மெயில் வந்தாலே நெஞ்சு படபடங்குது. ஆனா மரைன் டிரைவ் போய் அந்த சுவர்ல கடலப் பாத்து உக்காந்தா ஒரு பத்து நிமிசத்துல தோள்பட்டையெல்லாம் இறங்குது, மூச்சு விடுறது கூட வேற மாதிரி இருக்கு. திரும்பி வரும்போது குர்லா தாண்டுறதுக்குள்ள பழையபடி ஆயிடுதுங்கிறது வேற கத. வீட்டுக்காரர் என்ன சொல்றாருன்னா, அது கடல் இல்ல, லீவு, லோனாவாலா மலைக்குப் போனாலும் உனக்கு இப்படித்தான் இருக்கும்னு. எனக்கு அப்படித் தோணல. (இன்னொன்னு, இங்க சூரியன் கடல்ல போய் விழுது, எங்களுக்கு கடல்ல இருந்துதான் எந்திரிக்கும், இத்தன வருசமாகியும் அது மட்டும் பழகவே மாட்டேங்குது.)

இப்ப வீட்டு அக்ரிமெண்ட் முடியப் போகுது. வெர்சோவால ஒரு சின்ன ஒன் பிஎச்கே, பீச்சுக்கு நடந்து போற தூரம், வாடக இப்ப குடுக்குறதோட கிட்டத்தட்ட டபுள். எனக்கு ஆபீஸ் விக்ரோலி, மெட்ரோல காட்கோபர் வந்து ஒரு ஸ்டேஷன், சமாளிச்சிரலாம். அவருக்கு ஆபீஸ் தானேல (Thane), அலைஞ்சே செத்துருவாரு. கடலுக்காக இவ்வளவு காசு, இவ்வளவு அலைச்சல், இதெல்லாம் பண்ணலாமா? இதுக்கு ஏதாச்சும் ஆராய்ச்சி மாதிரி இருக்கா, இல்ல எனக்கு ஊர் ஞாபகம் வந்து அத கடல்னு நெனச்சுக்கிறேனா?

பாஸ்ட்லோக்கல்:

குர்லா வர்றதுக்குள்ள போயிடுதுன்னா அது உங்க தப்பில்ல அக்கா, குர்லா ஸ்டேஷன் கூட்டத்துல எந்த நிம்மதியும் தாங்காது 😂 சும்மா சொன்னேன், தெரிஞ்சவங்க வருவாங்க.

பரேல்_பக்கத்துவீடு:

ஆராய்ச்சி இருக்கு, நெறையவே இருக்கு. உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வி ரொம்ப சரியான கேள்வி, அத முதல்ல எடுத்துக்குவோம்.

லண்டன்ல ஒரு யுனிவர்சிட்டில மாப்பினஸ்னு ஒரு போன் ஆப் பண்ணாங்க. அது நாள்ல எப்பயாச்சும் டிங்குனு அடிச்சு "இப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்க, யாரு கூட இருக்க, என்ன பண்ணிட்டு இருக்க"ன்னு கேக்கும், ஆள் எங்க இருக்காங்கன்னு ஜிபிஎஸ் பாத்துக்கும். 20,000 பேருக்கு மேல, பத்து லட்சத்துக்கு மேல பதில், 2013-ல பேப்பரா வந்துச்சு. இதுல அழகு என்னன்னா உங்கள என்னோட கம்பேர் பண்ணல, உங்களையே உங்களோட கம்பேர் பண்றாங்க. அதே ஆள் சிட்டில இருக்கும்போது என்ன சொன்னாரு, கடற்கரைல இருக்கும்போது என்ன சொன்னாருன்னு. லீவு நாளா, வெயிலா மழையா, கூட யாரு இருக்கா, நடக்குறாரா உக்காந்திருக்காரா எல்லாத்தையும் கணக்குல கழிச்ச பிறகும் கடற்கரைதான் முதல் இடம், 100-க்கு சுமார் 6 பாயிண்ட் கூட. மலை, காடு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதனால லோனாவாலாவும் நல்லதுதான், ஆனா கடல் ஒரு படி மேலன்னு அவர்கிட்ட சொல்லலாம்.

அடுத்தது குடி போறது. இங்கதான் கொஞ்சம் நிதானம் வேணும். இங்கிலாந்துல எக்ஸெட்டர் யுனிவர்சிட்டி ஆளுங்க இதையே வேலையா வச்சிருக்காங்க. அங்க பிரிட்டன்ல வருசா வருசம் அதே குடும்பங்கள்கிட்ட போய் கேக்குற ஒரு பெரிய சர்வே உண்டு, அத எடுத்து ஒரே ஆள் கடலுக்குக் கிட்ட இருந்த வருசத்தையும் தள்ளி இருந்த வருசத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. கிட்ட இருந்த வருசத்துல மனநிலை கொஞ்சம் மேல. "கொஞ்சம்"ங்கிறத கவனிங்க, சின்ன வித்தியாசம்தான், வாழ்க்கையே தலைகீழா மாறுற அளவுக்கு இல்ல. 2019-ல இன்னொன்னு, கிட்டத்தட்ட 26,000 பேர், நகரத்துல இருக்குறவங்க மட்டும். கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குறவங்களுக்கு மனப்பிரச்சனை அறிகுறி கம்மி, அதுலயும் வருமானம் கம்மியா இருக்குற குடும்பங்கள்லதான் அந்த வித்தியாசம் தெளிவா தெரிஞ்சது. நியூசிலாந்துல வெலிங்டன்ல பாத்தப்ப வீட்டுல இருந்து தண்ணி கண்ணுக்குத் தெரியுறவங்களுக்கு மன உளைச்சல் கம்மியா இருந்துச்சு, வருமானத்தக் கழிச்சுப் பாத்தும்.

ஆனா இதெல்லாம் அவங்க ஊர் கடல். குளிரு, காலியான பீச்சு, நடக்க இடம். வெர்சோவால ஜூலை மாசம் யாரும் சர்வே எடுக்கல.

ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டா, கேப்லன்னு அமெரிக்கால ஒரு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சைக்காலஜிஸ்ட், 1989-லயே ஒரு விளக்கம் சொன்னாங்க. நாள் பூரா நாம கவனத்த இழுத்துப் புடிச்சு வச்சிருக்கோம், மெயில், சிக்னல், கூட்டத்துல எவன் இடிக்கிறான்னு. அலை மாதிரி விஷயம் நம்மள கவனிக்க வைக்குது, ஆனா பதில் கேக்குறதில்ல, அந்த நேரத்துல களச்ச பாகம் ஓய்வெடுத்துக்குது. அது போக மும்பைல தூரமா பாக்க என்ன இருக்கு? ஜன்னலத் தொறந்தா எதிர்த்த பில்டிங் பாத்ரூம். கண்ணு தூரத்துல போய் நிக்கும்போதுதான் கண்ணுக்குள்ள இருக்குற தசையே தளருது. அலைச் சத்தம் ஏறி இறங்கி ஒரே போக்குல வர்றதால பின்னாடி அடிக்கிற ஹார்ன் காதுல கொறையுது, உக்காந்து பாருங்க தெரியும்.

கடல் காத்துல நெகட்டிவ் அயனி இருக்கு அதுதான் காரணம்னு வாட்ஸ்அப்ல வரும், நம்பாதீங்க. 2013-ல பழைய ஆய்வையெல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, பதட்டம், தூக்கம், மூடு எதுலயும் நிலையான பலன் தெரியல, மெஷின் வச்சு ரொம்ப அதிகமா குடுத்தப்ப மட்டும் டிப்ரஷன் அளவு கொறஞ்சது. அது பீச் காத்து இல்ல.

ஏழாம்பங்களா:

சிஸ்டர் நான் வெர்சோவாலதான் இருக்கேன், வாடகைக்குத்தான். ஆராய்ச்சி எல்லாம் சரி, ப்ரோக்கர் சொல்லாதத நான் சொல்றேன்.

ஏசி அவுட்டோர் யூனிட்ல காயில் உப்புக் காத்துல அரிச்சு கேஸ் லீக் ஆகும், பிரிட்ஜ் கால் துரு புடிக்கும், ஜன்னல் கொண்டி துரு புடிக்கும், அப்பளம் டப்பால இருந்தே நமத்துப் போகும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் துணி காயாது, பீரோல இருக்குற பட்டுப்புடவைல பூஞ்ச. மழைக்காலத்துல கடல் பக்க சுவர் ஊறும். காத்து வாங்கலாம்னு ஜன்னலத் தொறந்தா தண்ணி இறங்குன நேரம் வர்ற நாத்தம் இருக்கே, கருவாடு கூட இல்ல, சாக்கடையும் சேத்து. கடல் பக்கம்னா குளுகுளுன்னு இருக்கும்னு நெனைக்காதீங்க, காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வ காயவே காயாது. மார்ச்ல சில நாள் கடல் காத்து லேட்டா கிளம்பும், அன்னைக்கு ஊரே கொதிக்கும், கடல் பக்கத்து வீடுன்னு தனியா சலுக எதுவும் கெடையாது.

பீச்சப் பத்தியும் சொல்றேன். 2015-ல அஃப்ரோஸ் ஷான்னு ஒரு வக்கீல் பக்கத்து வீட்டுப் பெரியவரோட சேந்து குப்ப பொறுக்க ஆரம்பிச்சு அப்புறம் ஊரே சேந்துச்சு, 2018-ல ஆமைக் குஞ்சு எல்லாம் வந்துச்சு, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது பெரிய விஷயம், இல்லன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு மழைக்கும் கடல் நாம போட்டத நமக்கே திருப்பிக் குடுக்குது. பிளாஸ்டிக் மேல நடந்துக்கிட்டு என்ன தியானம் பண்றது.

இவ்வளவும் சொல்லிட்டேன், ஆனா நான் காலி பண்ணல. ஏன்னு கேட்டா காலைல ஆறு மணிக்கு ஒரு அரை மணி நேரம் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஈர மணல்ல நடப்பேன், அது இல்லன்னா அன்னைக்கு முழுக்க நான் மனுசனா இருக்க மாட்டேன்னு என் பொண்டாட்டியே சொல்றா. முலுண்ட்ல இருந்தா அந்த அரை மணி நேரத்துக்கு மூணு மணி நேரம் டிராவல், யாரு போவா? கிட்ட இருந்தாத்தான் போவோம். பால்கனில சீ வியூ வேணுங்கிறது வேற ஆச, அதுக்கு காசு குடுக்காதீங்க, ரெண்டே மாசத்துல அது சுவர் காலண்டர் மாதிரி ஆயிடும், கண்ணுலயே படாது. நடந்து போற தூரம், அவ்வளவுதான் வேணும்.

90அடி_ரோடு:

நான் தாராவில பொறந்து வளந்தவன். அப்பா திருநெல்வேலில இருந்து வந்தவரு, பத்துக்கு பத்து ரூம்ல நாங்க ஆறு பேரு. ராத்திரி சாப்பிட்டுட்டு அப்பா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு மாஹிம் ரேத்தி பந்தர் வரைக்கும் நடந்து போவாரு, சில நாள் நானும் கூடப் போவேன். வழில மித்தி நாலா நாத்தம் மூக்கப் புடுங்கும், அதத் தாண்டுனா கடல். அங்க போய் எதுவும் பேச மாட்டாரு, பீடி கூட குடிக்க மாட்டாரு, சும்மா நிப்பாரு. அவருக்கு மனநலம்னா என்னன்னு தெரியாது, ஆனா அந்த ரூம்ல ஆறு பேருக்கு நடுவுல ஒரு மனுசனுக்கு தனியா நிக்க இடம் எங்க இருக்கு?

மரைன் டிரைவ்ல ஜோடி ஜோடியா நமக்கு முதுக காட்டிட்டு உக்காந்திருக்காங்களே, வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. வீட்டுல கதவு சாத்துற ரூம் இல்லாதவங்களுக்கு அந்த சுவர்தான் ரூம். அங்க பொம்பளப் பிள்ளைங்க ராத்திரி பதினோரு மணிக்கு தனியா உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டான், டிக்கெட் கெடையாது, பின்னாடி கோடிக்கணக்குல விக்கிற பில்டிங், முன்னாடி உக்காந்திருக்குறது நம்மள மாதிரி ஆளு. மேல ஒருத்தர் சொன்னாரே வருமானம் கம்மியானவங்களுக்குத்தான் கடல் ஜாஸ்தி உதவுதுன்னு, அத எந்த யுனிவர்சிட்டியும் எனக்கு சொல்ல வேண்டியதில்ல.

ஒன்னு சொல்றேன் தப்பா நெனைக்காதீங்க உப்பளத்துக்காரி. வாடக டபுள் ஆனா மாசம் பொறந்தா அந்த டென்ஷன், தானே போய்ட்டு வர்றவரு வீட்டுக்கு வரும்போது முகத்த எப்படி வச்சிருப்பாருன்னு யோசிங்க. கடல் குடுக்குறத அது எடுத்துக்கும்.

கரமடி:

எல்லாரும் கடல் சமாதானம் தருமுன்னு எழுதுறதப் படிச்சிட்டே இருந்தேன். எனக்க ஊரு கன்னியாகுமரி மாவட்டம், கடப்பொறத்து குடும்பம். இப்ப வாஷில இருக்கேன்.

2004 சுனாமி வந்தப்ப நான் சின்னப் பிள்ள. அதுக்கு அப்புறம் எங்க அம்மைக்கு அலைச் சத்தம் கேட்டா உறக்கம் வராது. காத்து கொஞ்சம் மாறுனா எந்திரிச்சு வாசல்ல வந்து நிப்பா. 2017 நவம்பர் கடைசில ஓக்கி வந்துச்சு, எங்க பக்கத்து ஆட்கள் எத்தன பேரு கடல்ல நின்னாங்க, திரும்பாதவங்க எத்தன பேரு. அதே புயல் டிசம்பர் 5-ந் தேதி மும்பை பக்கம் வந்தப்ப இங்க ஸ்கூல் லீவு விட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் வெதர் சூப்பர், பஜ்ஜி சாப்பிடலாமான்னு கேட்டுட்டு இருந்தாங்க, எங்க மாமா போட்டு கரைக்கு வந்த சேதி எனக்கு அப்பவும் வரல. அவங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல, அவங்களுக்குத் தெரியாது.

கடல வேடிக்க பாக்குறவங்களுக்கும் கடலுக்குள்ள போறவங்களுக்கும் மனசுல நடக்குறது ஒண்ணு இல்ல. எங்க வீட்டுல சாயங்காலம் யாரும் காத்து வாங்க கரைக்குப் போக மாட்டாங்க, வல பிரிக்கத்தான் போவாங்க. ஆனா இதையும் சொல்லணும், எங்க அம்மைய இங்க வாஷிக்கு கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டேன், ஒரு வாரம் தாங்கல. "ஒரு சத்தமும் இல்லாம எப்பிடிடீ உறங்குது"ன்னு கேட்டா. பயமும் அதுதான், பழக்கமும் அதுதான். சைக்காலஜிஸ்ட் யாராவது இத வெளக்குனா நல்லா இருக்கும், எனக்கு வெளங்கல.

கிங்சர்க்கிள்_தாத்தா:

கரமடி எழுதினதப் படிச்சதும் தோணித்து. நம்ம சங்கப் புலவர்கள் கடற்கரைய நிம்மதிக்கான இடமா வைக்கவே இல்லையே. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். போனவன் வரலியேன்னு ஒருத்தி கரைல நின்னுண்டு அலைகிட்டயும் புன்னை மரத்துகிட்டயும் நண்டுகிட்டயும் புலம்பிண்டிருப்பா. கூடி இருக்கறதுக்கு மலைய வச்சா, பிரிஞ்சு ஏங்கறதுக்கு கடல வச்சா. வெள்ளக்காராளுக்கு 18-ஆம் நூற்றாண்டுல டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒருத்தர் கடல் தண்ணில குளி, அதையே குடின்னு எழுதினப்பறம்தான் இங்கிலாந்துல பிரைட்டன் கடற்கரைக்கு ஜனங்க ஓட ஆரம்பிச்சா. கடலுக்குப் போனா உடம்பும் மனசும் தேறும்ங்கறது அப்படி அங்கேர்ந்து வந்த பழக்கம்தான் பாதி.

ஆனா எனக்கு ஒண்ணு தோண்றது, ஏங்கறதுக்கும் ஒரு இடம் வேணுமில்லையா. வீட்டுல அழ முடியாது, லோக்கல்ல அழ முடியாது. இந்தப் பொண்ணுக்கு மரைன் டிரைவ்ல தோள் இறங்கறதுன்னா அது சமாதானம்தானா, இல்ல ஊர நெனச்சு கொஞ்சம் இரங்கிக்கறதுக்கு இடம் கெடச்சுதா, அவதான் சொல்லணும்.

உப்பளத்துக்காரி:

தாத்தா நீங்க சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். உண்மையச் சொன்னா அங்க உக்காந்தா சில நாள் அழுகதான் வரும், அழுதா நல்லாவும் இருக்கும். கரமடி, அம்மாவ கேட்டதா சொல்லுங்க. எங்க ஊர் கடல் சாது, அலையே பெருசா இருக்காது, அதனால எனக்கு கடல்னா பயம்னே தோணினதில்ல, நீங்க எழுதுனது நாள் பூரா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு.

வீட்டுக்காரர்கிட்ட அந்த ஆப் கதையச் சொன்னேன், ஆறு பாயிண்டுக்கு டபுள் வாடகையான்னு கேக்காரு 🙄 சரி, வெர்சோவா இப்போதைக்கு வேண்டாம்னு தோணுது. முலுண்ட்ல இருந்துட்டே ஏதாச்சும் வழி உண்டா? ஏரி, ஆறு இதெல்லாம் கணக்குல வருமா?

பரேல்_பக்கத்துவீடு:

வரும். கடல் அளவுக்கு இல்லன்னாலும் தண்ணி இருக்குற எந்த இடமும் உதவுதுன்னுதான் சொல்றாங்க. 2019-ல இங்கிலாந்துல இன்னொரு ஆய்வு, சுமார் 20,000 பேர், வாரத்துல மொத்தம் 120 நிமிசம் பார்க், பீச், காடுன்னு வெளிய இருந்தவங்க உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொன்னது ஜாஸ்தி. ஒரே நாள்ல ரெண்டு மணி நேரமானாலும் சரி, பிச்சுப் பிச்சு போனாலும் சரி.

உங்க ஏரியாவுக்கு பின்னாடியே தானே கிரீக் (Thane Creek), கடல் தண்ணி உள்ள வர்ற கழி இருக்கு, அதுவும் உப்புத்தண்ணிதான், 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநில லிஸ்ட்ல வந்துச்சு. பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் காலைல போங்க, ஒரு பக்கம் அலையாத்தி, குளிர்காலத்துல இருந்து மே வரைக்கும் பிளமிங்கோ. ஐரோலில வனத்துறை சென்டர்ல போட்லயும் கூட்டிட்டுப் போறாங்க. அலை இல்ல, அது ஒரு கொற. கொசு உண்டு.

இன்னொன்னு, இத நீங்க கேக்கல ஆனாலும் சொல்றேன். தூக்கம் கெட்டு, படபடப்பு வந்து, அழுகையும் வருதுன்னா அத கடல் மட்டும் பாத்துக்காது. ஒரு டாக்டரப் பாருங்க, தைராய்டு, ரத்தம் எல்லாம் சேத்து பாக்கட்டும். டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல உதவி நம்பர் 14416 இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயும் பேசலாம். பீச்சுக்குப் போறத அதோட சேத்து வச்சுக்கோங்க.

ஏழாம்பங்களா:

மழைல மரைன் டிரைவ் போறதுன்னா மாநகராட்சி போடுற ஹை டைடு லிஸ்ட் பாத்துட்டு போங்க, நாலரை மீட்டருக்கு மேலன்னா சுவர்ல உக்காராதீங்க, பேண்ட்ஸ்டாண்ட் பாறைல இறங்கவே இறங்காதீங்க. உங்க ஊர் சாதுக் கடல் இல்ல இது.

உப்பளத்துக்காரி:

நன்றி எல்லாருக்கும். டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் போட்டாச்சு. சனிக்கிழம காலைல பாண்டுப், அவரும் வர்றேன்னுருக்காரு, பிளமிங்கோ போட்டோ எடுக்கணுமாம். அடுத்த வருசம் மாஹிம்ல ஏதாச்சும் பழைய பில்டிங்ல கம்மி வாடகைக்கு கெடச்சா பாக்கலாம்னு இருக்கோம், அங்க இருந்து தாதர் வந்தா ரெண்டு பேருக்கும் செண்ட்ரல் லைன் கெடச்சிரும். யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

90அடி_ரோடு:

மாஹிம்னா நான் விசாரிக்கிறேன். ஆனா வீட்ட ஜனவரில பாத்துட்டு டெபாசிட் குடுத்துராதீங்க, ஜூலைல போய்ப் பாருங்க, கிரவுண்ட் ப்ளோர் வேண்டவே வேண்டாம்.

பாஸ்ட்லோக்கல்:

சனிக்கிழம போறது நல்லது, ஞாயித்துக்கிழம மெகா பிளாக் 😂